டாக்டர் சார்பில் எஸ்தர் பேசியது

காந்தி ஜெயந்தியன்று கறிக்கடை திறக்காது என்பது டாக்டர் முத்துக்குமரனுக்கும் தெரியும். ஆனால் மகளின் காதுகுத்துக்கு நல்ல நேரம் அன்றுதான் வாய்த்தது. அவர் குடியிருந்த ஆனையூர் முழுக்க பிளெக்ஸ் வைத்தாயிற்று. அதில் மகள் ஒரு மூலையில் சிறிதாகவும், அவர் நடுவில் ஸ்டெதாஸ்கோப்போடு பெரிதாகவும் இருந்தார்கள். காது யாருக்குக் குத்தப்போகிறார்கள் என்று பார்த்தவர்கள் குழம்பினார்கள்.

வீட்டு பிரிட்ஜ் கொள்ளாது. எனவே முதல் நாளே ஆடு அறுத்து, சமயநல்லூரைத் தாண்டி அவர் ஆண்டுவந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கறியைக் கொண்டுவந்தார்கள். குழந்தைகளின் தடுப்பூசி மருந்துகள் குளிர்பெட்டியிலிருந்து மேசைக்கு வந்தன. கறி உள்ளே போனது.

செவிலியர் எஸ்தர் மதியம் வந்து பார்த்தபோது மருந்துகள் புழுக்கத்தில் வெந்துகொண்டிருந்தன.

"சார், இது பாழாப்போச்சு. கொட்டிட்டுப் புதுசு கேப்போம்."

"மேல கேட்டா யாரு பதில் சொல்றது? புள்ளைகளுக்கு என்ன தெரியப்போகுது, குத்தி விடுங்க சிஸ்டர்."

"நான் குத்தமாட்டேன் சார்."

ஊசிக்கு வந்த தாய்மார்களை அவள் திருப்பி அனுப்பினாள்.

மறுநாள் கிராம சபை. அங்கே ஜனங்கள் கேள்வி கேட்பார்கள் என்பதால் டாக்டர் எந்த வருடமும் போனதில்லை. "நீங்க போங்க சிஸ்டர். என்ன கேட்டாலும் என் சார்பா பதில் சொல்லிருங்க" என்று எல்லார் முன்னாலும் உத்தரவிட்டுவிட்டுக் காதுகுத்துக்குக் கிளம்பினார்.

சபையில் கைக்குழந்தையோடு பாண்டீஸ்வரி எழுந்தாள். "சிஸ்டரக்கா, நேத்து எங்களை ஏன் ஊசி போடாம வெரட்டிவிட்டீக?"

எஸ்தர் மைக்கை வாங்கிச் சொல்லிவிட்டாள். கறி உட்பட.

செய்தி பந்தலுக்கு எட்டியபோது டாக்டர் நல்லியெலும்பில் மும்முரமாக இருந்தார். சில நாட்களில் எஸ்தர் மீது டாக்டரின் குற்றச்சாட்டு வந்தது: முன் அனுமதி பெறாமல் பொது இடத்தில் பேசி, நிலையத்தின் மாண்பைக் குலைத்தார், வேலையிலிருந்து நீக்க வேண்டும். குலைந்த மாண்பு எத்தனை கிலோ என்று அதில் இல்லை.

மதுரையில் விசாரணை. வராந்தாவிலேயே டாக்டர் எஸ்தரை மடக்கினார். "சொன்னது பொய்னு மன்னிப்புக் கேட்டுருங்க. வேலை தப்பிச்சுரும்."

"மன்னிப்பா? நான் ஒரு துண்டு கறிகூடத் திங்கலையே சார்."

விசாரணை அதிகாரி கிளமெண்ட் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். "ஏம்மா, அனுமதி வாங்காம பேசலாமா?"

"அனுமதியை டாக்டர்கிட்டதான் வாங்கணும் சார். அவரைப் பத்திப் பேச அவரே அனுமதி குடுப்பாரா? சம்பளம் வாங்குறேன், அதுக்காக வாயை அடகு வைக்கல. புள்ளைக உசுரு சார். அதுபோக, அன்னைக்கு நானாப் போகல. சார்தான் தன் சார்பா பதில் சொல்லச் சொல்லி அனுப்புனாரு."

கிளமெண்ட் டாக்டர் பக்கம் திரும்பினார். "நீங்கதான் அனுப்புனீங்களா?"

"ஆமா சார். ஆனா..."

"ஆனா?"

"இவங்க உண்மையைச் சொல்வாங்கன்னு நான் எதிர்பார்க்கல சார்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது டாக்டருக்கே உறைத்தது. சுருக்கெழுத்தாளர் சிரிப்பை அடக்க இருமினார். கிளமெண்ட் அதற்குக்கூட முயலவில்லை.

குற்றச்சாட்டு அங்கேயே ரத்தானது. மக்களுக்கு ஆபத்தென்றால் அதை மக்களிடம் சொல்வது குற்றமல்ல, கடமை என்று உத்தரவில் எழுதினார். அடுத்த விசாரணை டாக்டர் மீது.

வாசலில் பாண்டீஸ்வரியும் ஊர்ப் பெண்களும் ஒரு ஷேர் ஆட்டோ நிறைய வந்து இறங்கியிருந்தார்கள்.

"என்னாச்சுக்கா?"

"வேலையும் தப்பிச்சது, வாயும் தப்பிச்சது" என்றாள் எஸ்தர். "புது மருந்து வந்துருச்சு. புதன்கிழமை புள்ளையத் தூக்கிட்டு வா."