பின்பக்கக் கிளை

ஜப்பானின் கனசாவாவில் பனி வருமுன் பைன் மரங்களுக்குக் கயிறு கட்டிவிடுவோம். மரத்தை ஒட்டி உயரமாக ஒரு மூங்கில். அதன் உச்சியிலிருந்து கிளைக்கு ஒரு வைக்கோல் கயிறு. ஈரப்பனி எவ்வளவு ஏறினாலும் கிளை முறியாது. பார்க்கவும் குடைக்கம்பி விரித்தாற்போல் லட்சணமாக இருக்கும். அந்த லட்சணம்தான் ஒகிதா சானைக் கெடுத்தது.

எங்கள் தெரு அழகுக் குழுவின் தலைவர் அவர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கிடைத்தது வங்கிக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள் என்று தன் வீட்டுப் பைன் மரத்தில் தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் நெருக்கமாகக் கயிறு கட்டியிருந்தார். பின்பக்கம் மொட்டை. கேமரா கொல்லை வழியாகவா வரப்போகிறது?

பின்பக்கக் கிளை ஒன்று வேலி தாண்டி, பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மா மிட்சுயோ சானின் கமேலியாச் செடிக்கு நேர் மேலே நீண்டிருந்தது. இரண்டு பனிக்காலம் அடி வாங்கி ஒற்றைத் தண்டாக நின்ற செடி. இந்த வருஷம்தான் மொட்டு விட்டிருந்தது. மூங்கில் ஊன்றி, வைக்கோல் பாய் சுற்றி, மேலே நீலத் தார்ப்பாயும் போர்த்தியிருந்தார். கிளை விழுந்தால் எல்லாம் சேர்ந்து சட்னி.

அந்தக் கிளையைக் கட்டுங்கள் என்று மிட்சுயோ சான் இலையுதிர் காலத்திலேயே சொன்னார். ஒகிதா சான் அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார். கூட்டத்தில் பேசியது தார்ப்பாயைப் பற்றி. நீலம் தெருவின் கண்ணை உறுத்துகிறதாம். ஞாயிறு முடியும் வரை எடுத்து வைக்க வேண்டுமாம்.

"செடி வெளியில நிக்குது, ஒகிதா சான். உங்க கண்ணு வீட்டுக்குள்ளதானே இருக்கு?" என்றார் மிட்சுயோ சான். வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களிடம் பேசியே பழகியவர்.

ஞாயிறு காலை கனத்த பனி. கிளை தார்ப்பாயைத் தொடுமளவுக்குத் தாழ்ந்துவிட்டது. மிட்சுயோ சான் போய் மணியடித்தார். பட்டுக் கிமோனோவில் வந்த ஒகிதா சான், டிவிக்காரங்க போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்.

"கிளைகிட்டயும் அதையே சொல்லிப் பாருங்க."

மிட்சுயோ சான் காத்திருக்கவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, வேலியைப் பிரித்து ஏணியை நுழைத்தார். மூங்கில் குச்சியால் பனியைத் தட்டினார். கிளை மூச்சு விட்டதுபோல் எழுந்தது. பிறகு மேலே ஏறிக் கயிற்றைச் சுற்றத் தொடங்கினார்.

அப்போதுதான் கேமரா வந்தது. மரத்தில் இருக்கும் அம்மா யார் என்று நிருபர் கேட்டாள். ஒகிதா சான் தொண்டையைச் செருமினார்.

"முன்பக்கம் அழகுக்கு, பின்பக்கம் காவலுக்கு. இது எங்க குடும்பத்துல வழிவழியா வர்ற முறை. பின்பக்கத்தக் கடைசியாத்தான் கட்டுவோம்."

தெருவே பவ்யமாகத் தலையாட்டியது. நானும்தான்.

மேலிருந்து குரல் வந்தது. "வழிவழியா வந்தது இருக்கட்டும். இங்க வந்து ஏணியப் பிடிங்க. வழுக்குது, இன்னும் ஒரு முடிச்சு பாக்கி."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஒகிதா சான் சிரித்த முகம் மாறாமல் போய்ப் பிடித்தார். கழுத்துப்பட்டைக்குள் பனி சொட்டியபோதும் சிரித்தார். மிட்சுயோ சான் முடிச்சை இறுக்கி, கிளையை ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.