சுவரு

சிக்கு ஒன்றில் சீப்பு நின்றது. சலூன்காரர் இழுக்கவில்லை. மகளின் காதுக்குப் பின்னால் முடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார், இழுத்தால் வலிக்கும் என்பதுபோல.

"சீக்கிரம்டா, வண்டி வந்துரும்," என்றாள் அவருடைய அக்கா. பிறகு குனிந்து, "அந்தக் கோச்சு வந்திருக்கா, பஸ் ஓட்டுறவ. பிள்ளைங்களோட எதிர்த்தாப்புல நிக்கிறா. உள்ள விடாதே. மழையில ஃபுட்பால் ஆட வச்சு ஆட வச்சுத்தானே..."

"அதனால இல்லைன்னு டாக்டர் சொன்னாருக்கா."

"டாக்டர் ஆயிரம் சொல்வாரு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் சலூன்காரரே அப்படித்தான் பேசியிருந்தார். பணி முடிந்து டிரைவர் யூனிஃபார்மோடு ஓடிவந்த அந்தப் பெண்ணிடம், நாலு பேர் பார்க்க, "உங்க விளையாட்டு போதும், இனிமே என் பிள்ளை பக்கம் வராதீங்க" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். இது மூளைக்காய்ச்சல், மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னது அதற்கப்புறம்.

கத்தரியைப்போலவே சலூன்காரருக்கு வாயும் ஓயாது. அவர் பேச்சைக் கேட்கவே முடி வெட்ட வருகிறவர்கள் உண்டு. மகளுக்கோ பேச்சு முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்ளும். 'ப... ப...' என்றால், "பென்சிலா கண்ணு?" என்று இவர் எடுத்துக் கொடுத்துவிடுவார். கடையில், பள்ளிக்கூடத்தில், சொந்தக்காரர் வீட்டில், எங்கேயும் அவளுக்கு முந்தி இவர் சொல்லி முடித்துவிடுவார். பிள்ளை தலையாட்டினால் போதும். நேற்றுக் காலையில்கூடக் கண்ணைத் திறந்து, "த... த..." என்றாள். "தண்ணியா?" என்று கரண்டியால் புகட்டினார். குடித்தாள். ஆனால் கண் அவர் மேலேயே இருந்தது, இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல. பிறகு மூடிக்கொண்டது.

சிக்கு விட்டது. வகிடு எடுத்தார்.

மூலையில் உட்கார்ந்திருந்த மனைவி காலையிலிருந்து அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அவங்களை வரச் சொல்லுங்க."

"அக்கா என்ன சொல்றான்னா..."

"உங்க அக்கா பெத்த பிள்ளையா?"

அவர் வாசலுக்குப் போனார். எதிரே, பூட்டியிருந்த மருந்துக் கடையின் நிழலில், பெண் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பின்னால் கோச்சம்மா. கூப்பிட அவருக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. கையை மட்டும் தூக்கினார். அவர்கள் தெருவைத் தாண்டி வந்தார்கள்.

முதலில் வந்தவள் எல்லாரிலும் குட்டை. முன்பல் இல்லை. "அங்கிள், நாங்க சுவரைப் பாக்கலாமா?"

"எந்தச் சுவரைம்மா?"

"அவளைத்தான். கோல்ல நிக்கிறதால அவளுக்கு அந்தப் பேரு."

மகளைக் கிடத்தியிருந்த பெட்டியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். குட்டைப் பெண்தான் ஆரம்பித்தாள்.

"பந்து வந்தா கோல்கீப்பர் 'எனக்கு'ன்னு கத்தணும் அங்கிள். கத்துனா நாங்க ஒதுங்கணும். இவ 'எ... எ...'ன்னு நிக்கும்போதே பந்து உள்ள போயிரும். இவளை மாத்துங்கன்னு நாங்க கோச்கிட்ட சண்டைகூடப் போட்டோம். கோச் மாத்தல. அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் பந்தைத் தொடக்கூடாது, கோல் விழுந்தா விழட்டும்னுட்டாங்க."

"விழுந்துச்சு பாருங்க," என்றாள் இன்னொருத்தி மூக்கைத் துடைத்தபடி. "எதிர் டீமுக்கே பாவமாப் போச்சு."

யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு பயந்துபோய்ப் பெட்டியைப் பார்த்தார்கள்.

"அப்புறம்?" என்றாள் மனைவி.

"அப்புறம் ஒருநாள் அந்த 'எனக்கு' வந்துருச்சு ஆன்ட்டி. அவ்ளோ சத்தம். அதுக்கப்புறம் மேட்ச் பூரா எங்களுக்குத் திட்டுதான். 'வலது பக்கம் பாருடி, தூங்குறியா'ன்னு."

"திட்டுவாளா?" சலூன்காரர் மெதுவாகக் கேட்டார். "திக்காமயா?"

"திக்கும். ஆனா நிறுத்த மாட்டா."

ஞாயிற்றுக்கிழமைதான் சலூனில் கூட்டம். அவர் ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. வீட்டில் அவள் யாரையும் ஒரு வார்த்தை திட்டிக் கேட்டதில்லை.

அவர் கோச்சம்மா பக்கம் திரும்பினார். "கடைசியா 'த'ன்னு ஏதோ சொல்ல வந்தா. நான் தண்ணின்னு நினைச்சுக் குடுத்துட்டேன். அது இல்ல போல. உங்களுக்கு ஏதாவது தோணுதா? என்னவா இருக்கும்?"

கோச்சம்மா பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். அவர் குறுக்கே எதுவும் பேசாமல் இருந்தார்.

"தெரியலைங்க," என்றாள் கடைசியில். "எனக்கும் அவ சொன்னாத்தான் தெரியும்."

அக்கா உள்ளேயிருந்து ஒரு குடம் தண்ணீரும் டம்ளர்களும் கொண்டுவந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

அடக்கம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் அவரவர் வண்டியில் கிளம்பினார்கள். மண்மேட்டை விட்டு அவர் திரும்பியபோது, கோச்சம்மா டிப்போவில் கேட்டு வாங்கிவந்திருந்த பஸ் மட்டும் மயான வாசலில் நின்றது. மனைவி முன்னமே அதில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவரும் ஏறினார். குட்டைப் பெண் நகர்ந்து இடம் விட்டாள்.

பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். குட்டைப் பெண்ணின் தலை ஆடி ஆடி, கடைசியில் அவர் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சின் சூடு சட்டையைத் தாண்டி உறைத்தது.

சலூன்காரர் வீட்டுத் தெருமுனை வந்தது. பஸ்ஸின் வேகம் குறைந்தது. கோச்சம்மா கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். அவர் தோளை அசைக்காமல், மடியிலிருந்த கையை மட்டும் சற்றே உயர்த்தி, போகச் சொன்னார். பஸ் மறுபடி வேகமெடுத்தது. தங்கள் தெரு பின்னால் போவதை மனைவி பார்த்தாள்.