கடையில் ஓடுகிறது, வீட்டில் படுக்கிறது

"அக்கா, மறுபடியும் படுத்துக்கிச்சிக்கா" என்று பரத் போனில் சொன்னபோது தோசையைப் பிட்டு வாய்வரை கொண்டுபோயிருந்தேன். அப்படியே தட்டில் போட்டேன். அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டர்ப் பெட்டியை அவனுக்கு விற்ற நாளிலிருந்து எனக்கு ஒரு வேளைச் சோறு நிம்மதியாக இறங்கவில்லை.

"இன்னா பண்ணுது?"

"கேம் ஆரம்பிச்சா மொதல்ல நல்லாதான் போவுது. அப்பால திக்கித் திக்கி நிக்குது. நான் சுடறதுக்குள்ள அவன் என்ன சுட்டுட்டு வேற வேலைய பாக்கப் போயிடறான்."

"சூடு எவ்ளோ காட்டுது?"

"தொண்ணூத்தஞ்சிக்கு மேலக்கா."

சூடுதான் காரணம் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். வெயிலில் வேலை செய்கிற கொத்தனார் மண்டை காய்ந்தால் நிழலுக்கு ஒதுங்குகிற மாதிரி, சூடு ஏறினால் கம்ப்யூட்டரும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் சூடு ஏன் ஏறுகிறது? அதுவும் ஏன் அவன் வீட்டில் மட்டும் ஏறுகிறது? அங்கேதான் என் உயிர் போனது.

புதுவாயல் கூட்டு ரோட்டில், பரோட்டாக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருக்கும் கம்ப்யூட்டர் கடை என்னுடையது. பெயர்ப் பலகையில் 'ஜோதிலட்சுமி கம்ப்யூட்டர்ஸ்' என்று இவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறது. இருந்தும் உள்ளே வருகிற ஆம்பளைகளில் பாதிப் பேர் என்னைப் பார்த்து "ஓனர் இல்லியாம்மா?" என்றுதான் கேட்பார்கள். நான்தான்யா ஓனர் என்று சொல்லிச் சொல்லியே ஒருவழியாக எனக்கென்று ஒரு பெயரைச் சம்பாதித்து வைத்திருந்தேன். கேம் ஆடுகிற பெட்டி வேண்டுமென்றால் ஜோதி அக்கா கடை என்று சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்க்கிற பையன்களே ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்புவார்கள்.

அந்தப் பெயரில்தான் பரத் மண்ணை அள்ளிப் போட்டான். கும்மிடிப்பூண்டியிலிருந்து மீஞ்சூர் வரைக்கும் கேம் ஆடுகிற பையன்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப் ஒன்று உண்டு. என் பாதி வியாபாரம் அதில்தான். அதில் இப்படி எழுதினான்: 'ஜோதி அக்கா கடையில யாரும் வாங்காதீங்க. பழைய கார்டு போட்டுக் குடுத்து ஏமாத்தறாங்க. கடையில ஓடுது, ஊட்ல படுக்குது.'

அன்று சாயங்காலமே மீஞ்சூர் ஸ்டீபன் கூப்பிட்டார். ஸ்டேஷன் பக்கத்தில் கேமிங் சென்டர் திறக்கப்போகிறவர். அத்தனை பெட்டியும் என்னிடம்தான் என்று வாய்வார்த்தையாக முடிந்திருந்தது. அந்த வேலை வந்தால்தான் கடை இந்த வருஷம் தாங்கும்.

"ஜோதி, இந்த மேட்டர் இன்னான்னு கிளியர் ஆவட்டும்மா. அப்பால பாத்துக்கலாம்" என்றார்.

அந்த 'அப்பால' என்பதற்கு என்ன அர்த்தம் என்று கடை வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். கேமை ஓட்டுகிற அந்த கிராபிக்ஸ் கார்டு புத்தம் புதுசு. சீல் பிரித்ததே அவன் கண் முன்னால்தான். அதைப் போய்ப் பழையது என்கிறானே!

முதல் தடவை அவன் வீட்டுக்கு நானே போனேன். கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே போகிற ரோட்டில் நெல் வயல்களுக்கு நடுவே வீடு. அறுப்பு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் புழுதி எழுந்து வாசல் வரை வந்தது. கிளம்பும்போதே போன் செய்து சொல்லிவிட்டேன். அடுத்தவர் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கக்கூடாது என்று வளர்ந்தவள் நான். நம் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான்.

பரத்தின் அம்மா ஜானகியம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். "வாம்மா கண்ணு, வெயில்ல வந்துக்கினு கீற" என்று மேஜை ஃபேனை என் பக்கம் திருப்பிவைத்தார். நான் உட்காருவதற்குள் மோர் வந்துவிட்டது. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, ஃபிரிட்ஜுக்கு வெளிர்நீலத் துணியில் கொசுவம் வைத்துத் தைத்த உறை. கேஸ் சிலிண்டரைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லாம் அவரே தைத்தது என்றார். நல்ல கைவேலைதான், சொல்லவேண்டும்.

கம்ப்யூட்டர் ஹாலில் ஒரு மூலையில் தரையில் இருந்தது. கண்ணாடி வழியாகக் கலர் கலராக லைட் எரிந்தது. பரத்தை ஆடச் சொன்னேன். ஆடினான், ஆடினான், ஆடிக்கொண்டே இருந்தான். ஒரு இடத்திலும் திக்கவில்லை. சூடும் ஏறவில்லை.

"இன்னாப்பா, நல்லாதான கீது?"

"உங்கள பாத்தா மட்டும் ஒயுங்கா ஓடுதுக்கா" என்று தலையைச் சொறிந்தான்.

நான் புதுவாயல் திரும்பி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் போன். மறுபடியும் படுத்துவிட்டதாம்.

இரண்டாவது முறை பெட்டியைக் கடைக்கே தூக்கிவரச் சொன்னேன். பிரித்து மேய்ந்தேன். சூட்டைக் கடத்துகிற பழைய பசையைத் துடைத்துப் புதுப் பசை வைத்தேன். நன்றாக இருந்த கூலரையும் என் கைக்காசில் மாற்றினேன். விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினேன். கடையில் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். குதிரை மாதிரி ஓடியது. வீட்டுக்குக் கொண்டுபோனான். படுத்துக்கொண்டது. அதைச் சொல்லத்தான் நான் தோசை தின்னும்போது கூப்பிட்டிருந்தான்.

"டேய், நெஜத்த சொல்லு. செவுத்தோட ஒட்டி வெச்சிருக்கியா?"

"இல்லக்கா. ஒரு முழம் தள்ளிதான் கீது."

"மேல எதுனா வெச்சிருக்கியா? புக்கு, துணி, சாமி படம்?"

"ஒண்ணுமே இல்லக்கா. சொம்மா காலியாதான் கீது. நீங்கதான் பாத்தீங்களே?"

பார்த்தேன்தான். அதனால்தான் பைத்தியம் பிடித்தது. சரி, பம்பு செட் ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறதோ என்று சந்தேகப்பட்டு, வோல்டேஜ் பார்க்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு மூன்றாவது தடவை நானே அவன் வீட்டுக்குக் கிளம்பினேன். வழக்கம்போலப் போன் செய்து சொல்லிவிட்டுத்தான் போனேன். வழக்கம்போல மோர் வந்தது. ஃபேன் என் பக்கம் திரும்பியது. வழக்கம்போல அந்தச் சனியனும் சமர்த்தாக ஓடியது. வோல்டேஜ் கோடு போட்ட மாதிரி நின்றது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "பாரு பரத், நல்லா ஓடற பொருள ஓடலன்னு சொல்லி என் பொழப்புல கை வெக்கிற. குரூப்ல போட்டத எடு" என்றேன்.

"நான் இன்னா பொய்யாக்கா சொல்றேன்? நீங்க போனப்பறம் நின்னா, எடுத்துட்டு நான் இன்னா பண்றது? முடியாதுக்கா."

ஜானகியம்மாள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மோர் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வண்டியை விருட்டென்று எடுத்தேன். கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்கும்போதுதான், ஸ்க்ரூ டிரைவர் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். அது இல்லாமல் நாளைக்கு வேலை ஓடாது. திரும்பினேன். இருந்த கடுப்பில் போனாவது ஒன்றாவது! போய் எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட வேண்டும் என்றுதான் போனேன்.

கதவு திறந்துதான் இருந்தது. "யம்மா" என்று ஒரு குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே காலை வைத்தவள், அப்படியே நின்றுவிட்டேன்.

கம்ப்யூட்டர் உறை போட்டுக்கொண்டிருந்தது.

அதே வெளிர்நீலத் துணி. அதே கொசுவம். உச்சி, முதுகு, இரண்டு பக்கம் எல்லாம் தரை வரைக்கும் மூடி, முன்னால் மட்டும் திரை மாதிரி இரண்டாகத் திறந்து, நாடா வைத்துக் கட்டியிருந்தது. உள்ளிருந்து சூடு வெளியே போகிற வழியே மேலும் பின்னாலும்தான். இரண்டும் அடைத்துக்கொண்டிருந்தன. ஃபேன் பழையபடி சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தது. பரத் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, "பாரு, மறுபடியும் நிக்குது, பாரு" என்று திரையைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"பரத்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் கையிலிருந்த மவுஸ் எகிறியது. "இது இன்னாடா?"

"எதுக்கா?"

"இது! இந்தப் பாவாட!"

அவன் உறையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அது கவர்க்கா."

"மேல எதுனா வெச்சிருக்கியான்னு கேட்டேன் இல்ல? ஒண்ணுமே இல்லன்னு சொன்னியே பாவி!"

"கவரு இன்னா மேல வெக்கிறதா? கவர்தானக்கா அது?"

அவன் பொய் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் உறையில்லாத பொருளை அவன் பார்த்ததே இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு இருக்கிற மாதிரி, பொருளுக்கு உறை இருந்தது. அவன் கண்ணுக்கு அது தனியாகத் தெரியவே இல்லை.

சத்தம் கேட்டு ஜானகியம்மாள் ஓடி வந்தார். "இன்னாம்மா, இன்னா ஆச்சி?"

"யம்மா, இத்த எப்ப போட்டீங்க?"

"மொத நாள்லேந்து போட்டுக்கினுதாம்மா கீறேன். லாரி போவுது, நெல்லுத் தூசி வேற. அவ்ளோ ஆசப்பட்டு வாங்கினு வந்துகீறான், பாழாப் போயிடுமே. நீ வரேன்னு போன் பண்ணா மட்டும் கயட்டி வெப்பேன். வேல செய்ய வர பொண்ணுக்கு இடைஞ்சலா இருக்கக்கூடாது இல்ல?"

நான் போன் செய்ததால் உறை கழன்றிருக்கிறது. எனக்கு வியர்க்குமே என்று திருப்பிய ஃபேன் காற்று பெட்டிக்கும் சேர்ந்து அடித்திருக்கிறது. மரியாதை, மரியாதை என்று இரண்டு பக்கமும் பார்த்தே என் கடையை மூட இருந்தோம்.

"மூடி வெச்சா ஆவாதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். "ஃபிரிட்ஜு மூடிதான ஓடுது?"

நாடாவை அவிழ்த்து உறையை ஒரே இழுப்பில் உருவினேன். அனல் முகத்தில் அடித்தது. திரையில் சூட்டு எண் இறங்க ஆரம்பித்தது. பரத் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். கேம் தடையில்லாமல் ஓடியது.

"பாத்துக்கினியா? இப்ப போடு குரூப்ல."

பரத் போனை எடுத்தான், யோசித்தான், ஒரு வழியாகத் தட்டினான். எட்டிப் பார்த்தேன். 'பிராப்ளம் சால்வ்டு. ஜோதி அக்கா பார்ட்டு மாத்திக் குடுத்துட்டாங்க.' அனுப்பியும்விட்டான்.

"பார்ட்டு மாத்தினேனா? அப்ப நான் பழசு போட்டேன்னு ஆவுதே! இன்னா அநியாயம்டா இது!"

"அக்கா, பிளீஸ்க்கா. எங்கம்மா பிசிக்குப் பாவாட தெச்சிப் போட்டாங்கன்னு சொன்னா, இந்தப் பசங்க சாவற வரைக்கும் ஓட்டுவானுங்க. எங்கம்மாவ வெச்சி மீம்ஸ் போடுவானுங்கக்கா."

அவன் அம்மாவைக் கிண்டல் செய்ய எனக்கும் மனசு வரவில்லை. என் பெயரை விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. ஸ்க்ரூ டிரைவர் பெட்டியை எடுத்துக்கொண்டேன். கண் கலங்கியது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அந்தப் போன இப்டி குடு" என்றார் ஜானகியம்மாள்.

"எதுக்கும்மா?"

"குட்றா நைனா. எத்த அமுக்கிக்கினு பேசணும்? இதானே?"

அவன் தடுப்பதற்குள் அமுக்கிவிட்டார். போனைத் தட்டு மாதிரி வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வயலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைக் கூப்பிடுகிற குரலில் பேசினார்.

"அல்லாருக்கும் வணக்கம். நான் பரத்தோட அம்மா ஜானகி பேசறேன். பொட்டி மேல தப்பு இல்ல, ஜோதி மேலயும் தப்பு இல்ல. தூசி படக்கூடாதுன்னு நான்தான் துணியால தெச்சி மூடி வெச்சேன். அது மூச்சு முட்டி நின்னுபோச்சி. இவன் சொன்ன மாதிரி பார்ட்டும் மாத்தல, ஒண்ணும் மாத்தல. துணிய எடுத்தாங்க, ஓடுது. அவ்ளோதான். சிரிக்கிறவங்க சிரிச்சிட்டு, அந்தப் பொண்ணு கடைக்கிப் போங்க."

விரலை எடுத்தார். அவர் குரல் குரூப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"இன்னாம்மா இப்டி பண்ணிட்ட!" என்று பரத் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாடா பண்ணிட்டேன்? என்னப் பாத்து நாலு பேர் சிரிச்சா நாளைக்கி எனக்கு சோறு வேவாதா? அவ நாளைக்கி கட தொறக்கணும்டா."

குரூப்பில் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. பரத் பார்க்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்தான். அது விர்ரென்று அதிர்ந்துகொண்டே இருந்தது. நான்தான் எடுத்துப் பார்த்தேன். சிரிப்புகளுக்கு நடுவில் புதுவாயல் மணிகண்டன் எழுதியிருந்தான்: 'எங்க ஊட்லயும் அம்மா கவர் போட்டுக்கீறாங்க. இப்பதான் கயட்னேன். செம ஸ்பீடு.' அதற்குக் கீழே இன்னொருவன்: 'எங்க ஊட்லயும்தான்.' அதற்கும் கீழே ஸ்டீபன். ஒரு கும்பிடு மட்டும் போட்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் பையிலிருந்த போன் அடித்தது. ஸ்டீபன் நம்பர்.

எடுக்கவில்லை. அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ஜானகியம்மாள் கீழே கிடந்த உறையை எடுத்து உதறி, கொசுவத்தை நீவி, நான்காக மடித்தார். பரத் எழுந்து ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் எதுனா தப்பாப் பேசிட்டனாம்மா?" என்று ஜானகியம்மாள் கேட்டார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் மோர் கொண்டுவர உள்ளே போனார்.