நிழல் கல்லைத் தொடும்வரை

பெட்ரோல் பங்கில் சுற்றுலா வந்தவர்கள் எல்லாரும் டீ குடிக்க இறங்கியிருந்தார்கள். நான் ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்து, கைப்பேசியை வாயருகே பிடித்து, ஊரிலிருக்கும் மனைவி சுகப்பிரியாவுக்குச் சொல்வதுபோல் மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "வணக்கம். ஓமான் நாடு உங்களை வரவேற்கிறது." சொல்லச் சொல்லத் திரையில் எழுத்து விழுந்தது. கோட்டை, மசூதி, புது ரோடு, ஆபீஸ் வேலைக்குப் போகும் பெண்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லி அனுப்பினேன்.

பாளையம்பட்டியிலிருந்து அவள் குரல் வந்தது. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கோட்டை எத்தனை வருசம்னு சொல்றீக, சுவரு எத்தனை அடி கனம்னு சொல்றீக. அங்க கொத்தமல்லி எங்க விக்கும்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லலையே. நான் வந்தா கோட்டையவா அரைச்சுத் துவையல் வைக்க?"

வந்தால் என்கிறாள். கல்யாணமாகி நாற்பதாம் நாள் நான் விமானம் ஏறினேன். இரண்டு வருஷம் டிரைவர். தமிழில் பேசும் கைடு ஊருக்குப் போய்விட்டதால் இன்றைக்கு மைக் என் கையில். "ஆளுக நல்லாச் சொன்னா நீதான் கைடு" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கைடு சம்பளம் வந்தால்தான் குடும்ப விசாவுக்கு எழுதிப்போட முடியும். காலையிலிருந்து பாடம்போல் ஒப்பித்துக்கொண்டே இருந்தேன்.

நிஸ்வா கோட்டையில் நன்றாகவே போனது. வாசலுக்கு மேலே இருந்த துளையைக் காட்டி, எதிரி வந்தால் கொதிக்கிற பேரீச்சம்பாகை இதன் வழியாக ஊற்றுவார்கள் என்றேன். அருப்புக்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சுப்புராஜ் அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். "நம்ம கருப்பட்டிப் பாகுன்னா எதிரி நக்கிக்கிட்டே மேல ஏறிருப்பான், தம்பி." இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு விசாவே கைக்கு வந்ததுபோல் இருந்தது.

அடுத்தது மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் ஃபலஜ். மலைக்கு அடியிலிருந்து தண்ணீரைக் கொண்டுவரும் பழங்காலத்து வாய்க்கால். ஆயிரம் வருஷமாகியும் அதில்தான் தோட்டங்கள் பாய்கின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அண்ணாச்சியின் மனைவி ராமலட்சுமி அக்கா பதறினார்.

"ஏ தம்பி! அங்கன பாருய்யா, தண்ணி வீணாப் போகுது!"

வாய்க்கால் கரையில் ஓர் உடைப்பு. பாதித் தண்ணீர் பக்கத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே தட்டைக் கல்லும் பழந்துணியும் கிடந்தன. நான் யோசிக்கவே இல்லை. வறண்ட நரிக்குடிப் பக்கம் பிறந்தவனுக்கு, ஓடுகிற தண்ணீரைக் கண்டால் கைதான் முதலில் போகும். கல்லை வைத்துத் துணியைத் திணித்து அடைத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். போட்டோகூட எடுத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளை அங்கியை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் ஓடிவந்தார். வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பிரித்துவிடுபவர் அவர்தான். உடைந்த இந்தியில் அவர் கத்தியதில் எனக்குப் புரிந்தது இதுதான்: அது உடைப்பு இல்லை, மடை. புருஷனை இழந்த ஒரு பெண்ணின் தோட்டத்துக்கு இப்போது முறை. வெயிலில் நட்டிருந்த கம்பைக் காட்டினார். அதன் நிழல் இந்தக் கல்லிலிருந்து அடுத்த கல்லைத் தொடும்வரை அவளுடைய தண்ணீர். குறைந்ததற்கு ஈடாக அடுத்த முறைக்காரனிடம் கொஞ்சம் கேட்டு வாங்க வேண்டும். "நான் போய்க் கேட்கிறேன். நிழல் கல்லைத் தொடும்வரை மடையைப் பார்த்துக்கொண்டு நீ இங்கேயே நில்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

துணியை உருவி, அடைத்த கல்லையும் நகர்த்தினேன். தண்ணீர் மறுபடி திரும்பியது.

"தம்பி, மணி ஒண்ணரை. சுகர் மாத்திரை போட்டாச்சு. சோறு திங்காம நிக்க முடியாது. இரு, ஒங்க ஆபீஸுக்கே போனு போடுறேன்." அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எண்ணைத் தேடினார்.

"போடுங்க, போடுங்க. பொண்டாட்டி சொல்லித்தான் அடைச்சான்னும் சேத்துச் சொல்லுங்க" என்றார் அக்கா. "ஒருத்தர் மொறைத் தண்ணிய அடைச்சா நம்மூர்ல மம்பட்டியத் தூக்கிட்டுல்ல வருவாக. அந்த மனுசன் நில்லுன்னுட்டுத்தான் போயிருக்காரு." பையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்து அவர் கையில் திணித்து, எல்லாரையும் வண்டிக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

பையில் கைப்பேசி அதிர்ந்தது. மேனேஜர். அண்ணாச்சி போனைப் போட்டேவிட்டார். "உடனே வண்டிய எடு, கோகுல். அவங்க சாப்பாடுதான் முக்கியம்."

"பத்து நிமிசம் சார்."

"எடுக்க முடியுமா, முடியாதா?"

நிழலுக்கும் கல்லுக்கும் நாலு விரற்கடை இருந்தது. "தொட்டதும் எடுத்துருறேன் சார்" என்றேன். எதைத் தொட்டதும் என்று அவருக்கு என்ன தெரியும். வைத்துவிட்டார்.

தண்ணீர் எங்கேதான் போகிறதென்று குந்தி உட்கார்ந்து பார்த்தேன். பேரீச்சை மரங்களுக்கு நடுவே பாய் அகலத்துக்குச் சின்னப் பாத்தி. வாடித் தலைசாய்ந்திருந்த இலைகளின் அடியில் ஈரம் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒன்றைத் தொட்டு விரலை முகர்ந்தேன்.

கொத்தமல்லி.

கைப்பேசியை எடுத்து அவளுக்கு எழுத மைக்கை அழுத்தினேன். கேட்கிறேன் என்று அது விட்டு விட்டு மின்னியது. அதைப் பாத்தியருகே நீட்டினேன். தண்ணீர் மட்டும் பாத்திக்குள் சலசலத்தது. அதற்கு எழுத்து எதுவும் விழவில்லை. வெள்ளைத் திரையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். வண்டியில் யாரோ ஹாரனை அழுத்தினார்கள். நிழலுக்கு இன்னும் இரண்டு விரற்கடை இருந்தது.