திட்டு வாங்கிக் கிளம்பும் வௌவால்கள்

ஆஸ்டின் நகரத்து ஆற்றுப் பாலத்தின் அடியில் குடியிருக்கும் பதினைந்து லட்சம் வௌவால்கள், சுற்றுலாப் படகு ஓட்டும் வெல்டா ஹ்ருஷ்கா வயிறெரிந்து திட்டினாலொழிய இரை தேடக் கிளம்புவதில்லை.

தவறு வெல்டாவுடையதுதான். வௌவால்கள் தாமதித்தால் சுற்றுலாப் படகுக்காரர்கள் எல்லோரும் "இதோ, ஒரு நிமிஷம்" என்றுதான் பயணிகளைச் சமாளிப்பார்கள். கூசாமல் அதைச் சொல்லத் தெரியாதவருக்கு அந்த ஆற்றில் பிழைப்பில்லை. ஒரு கோடை அந்தியில் ஹூஸ்டன்காரர் ஒருவர், "கேப்டனம்மா, உங்க ஊர்ல ஒரு நிமிஷம்னா எத்தனை மணி நேரம்?" என்று கேட்டுவிட்டார். படகே சிரித்தது. காசு கொடுத்தவரைத் திட்ட முடியாது. வெல்டா பாலத்தின் பக்கம் திரும்பினாள். "ஏண்டி மகாராணிகளா, உங்களுக்குத் தனியா அழைப்பிதழ் அடிக்கணுமா? பெத்த பிள்ளைக்குப் பால் வேணாமா? எழுந்து தொலைங்கடி." மிளகு மூட்டையை வானத்தை நோக்கி அவிழ்த்ததுபோல் அத்தனையும் கிளம்பின. அங்கே இருப்பவை பெரும்பாலும் தாய்கள், உறைத்திருக்கும்.

மறுநாளிலிருந்து திட்டுக்காகக் காத்திருந்தன. மற்ற படகுக்காரர்கள் திட்டிப் பார்த்தார்கள், நாடக நடிகை ஒருத்தி திட்டினாள், வெல்டாவின் குரலையே பதிவு செய்து ஒலிபரப்பினார்கள். செல்லாக்காசைக் கண்ட கடைக்காரனைப்போல் வௌவால்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அவள் காய்ச்சலில் படுத்த அன்று ஒன்றுகூடக் கிளம்பவில்லை. விடிவதற்குள் குட்டிகள் பசியில் உதிர்ந்து ஆற்றில் மிதந்தன. அதன் பிறகு மார்ச் முதல் நவம்பர் வரை வெல்டா ஊரைத் தாண்டியதில்லை.

மகள் ரோனாவுக்குத் தொலைதூர லப்பாக் ஊரில் ஒரு பருத்தி விவசாயி மாப்பிள்ளையாக அமைந்தான். விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவே அவனுக்கு ஒழிந்தது ஜூலை மட்டும்.

"டிசம்பர்ல வச்சா என்னடி? அதுங்க மெக்சிகோ போயிருக்கும்."

"நான் உன் மகளாம்மா, இல்ல உன் படகுல டிக்கெட் எடுத்தவளா?"

லப்பாக்கில் கல்யாணம். அன்று காலையில் வெல்டா புது உடுப்பு போட்டு, காரில் ஏறி உட்கார்ந்து, இறங்கி, "என்னால வர முடியலடி" என்று தொலைபேசியில் சொன்னாள். ரோனா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அந்தியில் அதே உடுப்போடு படகில் நின்று வாயைத் திறந்தால், அழுகைதான் வந்தது. திட்டு வரவில்லை. பாலம் அசையவில்லை. குட்டிகள் கத்தத் தொடங்கின.

அப்போது பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மணப்பெண் கோலத்தில் ரோனா எட்டிப் பார்த்தாள். பின்னால் மாப்பிள்ளை, பாதிரியார், கேக்கை ஏந்திய மாப்பிள்ளையின் அண்ணன்.

"ஏம்மா, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? ஆறு மணி நேரம் இந்த வெயில்ல, இந்த கவுனோட, பாதிரியாரு குறட்டைய கேட்டுக்கிட்டு வந்திருக்கேன். ஊரான் பிள்ளைக்கெல்லாம் நீ தாயி, எனக்கு யாரு? அங்க நின்னு மூக்க உறிஞ்சாம மேல ஏறி வா."

அவள் முடிப்பதற்குள் வௌவால்கள் கிளம்பிவிட்டன. சிறகுச் சத்தத்தில் பாதிரியார் உறுதிமொழியைக் கத்தித்தான் வாங்க வேண்டியிருந்தது. கேக்கின் மேலடுக்கை யாரும் சாப்பிடவில்லை.

இப்போது வெல்டா வெளியூர் போனால் ரோனா வந்து நிற்கிறாள். அந்தக் கல்யாண நாளை நினைத்துக்கொண்டால் போதும், திட்டு சுத்தமாக வருகிறது. மகள் திட்டினால் கொஞ்சம் சீக்கிரமே கிளம்புகின்றன என்று ஊரில் பேச்சு. வெல்டா ஒருநாள் கரையில் மறைந்து நின்று பார்த்தாள். உண்மைதான். ஒரு வாரம் அவள் மகளோடும் பேசவில்லை, வௌவால்களோடும் தேவைக்கு மேல் பேசவில்லை.