செத்த கோமானுக்கு ஒரு பெயர்

முன்னோர் கோயிலின் வெண்கல மணி, யாரும் அடிக்காமலே ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. அதே நேரத்தில் குவெய்லி நாட்டின் கோமான் செத்துப்போனார். மதியம் எழுந்து உட்கார்ந்து தினைக்கஞ்சி கேட்டார். மூச்சு இல்லை. கை கிணற்றுக் கல்லைப் போலச் சில்லென்றிருந்தது. வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்து, சாவில் குறை ஒன்றுமில்லை, கஞ்சியை ஆறவைத்துக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோமான் இறந்துவிட்டால் அவருடைய பழைய பெயரை அதற்குப்பின் யாரும் வாயால் சொல்லக் கூடாது. மந்திரிகள் கூடி, அவர் ஆண்ட காலம் முழுவதையும் ஒரே சொல்லில் அடக்கிப் புதுப்பெயர் சூட்டுவார்கள். அதைப் பலகையில் எழுதிக் கோயிலில் வைத்தால்தான் முன்னோர்கள் நகர்ந்து உட்கார்ந்து இடம் விடுவார்கள். மற்ற கோமான்கள் அந்தப் பெயருக்காகப் பேசாமல் படுத்திருந்தார்கள். இவர் மட்டும், என்ன பெயர் என்று கேட்டுவிட்டுப் போகலாமென்று எழுந்துவிட்டார்.

அவருக்கு 'அருளாளர்' என்ற பெயரில் ஆசை. நாற்பத்தொரு வருடம் ஆண்டிருந்தார். வடக்கேயிருந்த பெரிய நாடு எல்லையில் தேர்களை நிறுத்தும்போதெல்லாம் ஓர் ஊரை எழுதிக் கொடுத்தார். இப்படி ஐந்து ஊர்கள் போயின. ஒரு சிப்பாய்கூடச் சாகவில்லை. ஊரை இழந்தவர்கள் சட்டிபானைகளோடு மதிலோரம் போனபோது, வண்டிக்கு ஒரு துண்டு உப்புக்கண்டம் கொடுக்கச் சொன்னார். அவர்கள் வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

பெரிய மந்திரி யுவான் ஃபு மூன்றாவதாகப் போன ஊர்க்காரர். மூன்று நாள் யோசித்துவிட்டு வந்து நின்றார்.

"ஐயா, 'பாவம்'னு வைக்கலாம்னு எங்களுக்குப் படுது."

"யாருய்யா பாவம்? அஞ்சு ஊரைக் குடுத்து உங்க தலையெல்லாம் கழுத்துல நிக்க வச்சவனா?"

"குடுத்ததுல என் ஊரும் ஒண்ணுங்க. இதவிட நல்லதா எங்க கையில எதுவும் இல்ல."

வேண்டாம், நன்றாக யோசித்துவிட்டு வாருங்கள் என்று கோமான் அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுக்கப்பட்ட பெயரை என்ன செய்வது என்று சடங்குச் சுவடியில் இல்லை; எந்தப் பிணமும் அதுவரை மறுத்ததில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் மந்திரிகள் கூடினார்கள், கலைந்தார்கள். யுவான் ஃபு செத்தார். கோமானின் மகன் பட்டத்துக்கு வந்து, இன்னும் இரண்டு ஊர்களைக் கொடுத்துவிட்டு, முப்பது வயதில் காய்ச்சலில் போனான். அவனுக்கு 'அற்பாயுசு' என்று பெயர் வைத்தார்கள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் அதை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். தகப்பன் வாசலில் உட்கார்ந்து பாடை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கொடுக்க ஊர் மிஞ்சவில்லை. வடக்கத்திப் படை சண்டையில்லாமல் உள்ளே வந்தது. கோயில் பலகைகள் அடுப்புக்குப் போயின. வெண்கல மணி ஈட்டிமுனைகள் ஆனது. கோமான் புதிய அதிகாரியிடம் போய், அன்று மந்திரிகள் சொன்ன அந்தப் பெயரே போதும், எழுதித் தாருங்கள் என்று கேட்டார். அதிகாரி மரியாதை தெரிந்தவர். நாடு இருந்தால்தான் கோமான், கோமான் இருந்தால்தான் பெயர், தமக்கு அதிகாரமில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். அதன்பின் கோமான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பேசுவதையும் விட்டுவிட்டார்.

சபை மண்டபம் தானியக் கொட்டகையானது. அவர் உடம்பின் குளிருக்குக் குருவிகள் கிட்டே வருவதில்லை என்பதைத் தினை காயவைக்கும் பெண்கள்தான் முதலில் கவனித்தார்கள். அறுவடை தோறும் அவரைத் தூக்கிவந்து பாய்களின் நடுவே உட்காரவைத்தார்கள். மழை வந்தால் தினையை அள்ளிவிட்டு, கை ஒழிந்தபின் அவரையும் உள்ளே இழுத்துப் போட்டார்கள். பழைய பெயரைச் சொல்லக் கூடாது, புதுப்பெயர் கிடையாது. ஆகவே அவரை 'அது' என்றார்கள். அதை அந்தப் பக்கம் நகர்த்து, அதன்மேல் சாக்கைப் போடு. இப்படி முப்பத்தாறு அறுவடைகள் முடிந்தன.

அடுத்த அறுவடைக்குப் புது மருமகள் ஒருத்தி வந்தாள். யுவான் ஃபுவின் ஊரில் பிறந்தவள். முறத்தோடு பாயோரம் வந்தவள், இமையெல்லாம் உமி படிய உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அதையா பாக்குற? குருவி ஓட்டுறதுக்குடி அது," என்றாள் மாமியார். "கிட்டப் போகாத, சளி பிடிச்சுக்கும்."

மருமகள் முந்தானை நுனியால் அவர் இமையிலிருந்த உமியைத் தட்டிவிட்டாள். "பாவம்," என்றாள்.

கழுத்து கிறீச்சிட, அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"அதேதாம்மா. அன்னிக்கு வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டேன். இன்னொரு தடவை சொல்லேன்."