பதினேழாம் எண் அட்டை

வெர்லாவும் ராய்ஸும் பிரிந்தபோது சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. இருபத்து மூன்று வருடக் கல்யாணம் நீதிமன்றத்தில் அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. வீடு அவளுக்கு. படகும் அதை இழுக்கும் வண்டியும் அவனுக்கு. இரண்டு முயல் வேட்டை நாய்களில் கிழடு அவளோடு, இளசு அவனோடு. வெளியே வந்து, படிக்கட்டில் நின்றபடியே ஆளுக்கொரு காபி குடித்தார்கள்.

"சரி, சனிக்கிழமை பாப்போம்" என்றான் ராய்ஸ்.

"எங்க?"

"எங்கயா? கிளப்புலதான்."

"கிளப்பு எனக்குன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்" என்றாள் வெர்லா.

ராய்ஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். அன்றுதான் அவர்கள் இருவருக்கும் முதல் சண்டை வந்தது.

கோல்டர் ஓடைத் துப்பாக்கிச் சங்கத்தில் நாற்பது உறுப்பினர் அட்டைதான் உண்டு. மைதானத்துக்குப் போகும் மண்பாதையில் நாற்பது வண்டிக்கு மேல் நிற்க இடமில்லை, அதனால் அப்படி ஒரு விதி. சேரக் காத்திருப்போர் பட்டியலில் பத்தொன்பது பேர். வெர்லாவும் ராய்ஸும் பதினோரு வருடத்துக்கு முன்னால் சேர்ந்தபோது குடும்பத்துக்கு ஒரே அட்டையாக வாங்கியிருந்தார்கள். எண் பதினேழு. குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற பழைய மாதிரித் துப்பாக்கிகள் மட்டும்தான் அங்கே. தோட்டா போட்டுச் சுடுகிற எதையாவது வண்டியில் வைத்திருந்தால்கூட வாசலிலேயே கேலி செய்து திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஏப்ரல் மாதக் கூட்டத்தில் விஷயம் மேசைக்கு வந்தது. செயலாளர் ஓப்பல், எழுபது வயது, சங்க விதிகளை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்திருப்பவள். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, தாளை இரண்டு தடவை புரட்டினாள்.

"ஒரு குடும்பத்துக்கு ஒரு அட்டைன்னு இருக்கு. குடும்பம் ரெண்டாப் போனா என்னன்னு இல்ல. எழுதுன மகராசன் சந்தோஷமா வாழ்ந்திருக்கான் போல."

கூடம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். டென்னிஸ். நாலு வருடமாகக் காத்திருப்போர் பட்டியலின் தலையில் உட்கார்ந்திருப்பவன். உறுப்பினரே இல்லாவிட்டாலும் ஒரு கூட்டம் தவறவிட மாட்டான்.

"குடும்பமே இல்லன்னா குடும்ப அட்டை எதுக்குங்க? ரத்து பண்ணிட்டு அடுத்த ஆளுக்குக் குடுங்க."

"அடுத்த ஆளு யாருப்பா?" என்று தலைவர் எல்டன் ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார்.

"நாந்தான்."

"அப்படியா! உக்காரு."

எல்டன் பன்றிப் பண்ணை வைத்திருந்த மனிதர். எதையும் நீட்டிப் பேசப் பிடிக்காது. தாடையைச் சொறிந்துகொண்டு வெர்லாவைப் பார்த்தார், ராய்ஸைப் பார்த்தார். "இது துப்பாக்கிக் கிளப்புதானே? தையல் கிளப்பு இல்லையே? மே மாசம் மொத சனிக்கிழமை ரெண்டு பேரும் சுடுங்க. ஐம்பது கஜம், நின்னுக்கிட்டே, ஆளுக்கு அஞ்சு குண்டு. குண்டுக்குப் பத்துப் புள்ளி. ஜெயிச்சவங்களுக்கு அட்டை. சமமா வந்தா கோடாலி."

"சபாஷ்" என்றான் ராய்ஸ். அவனுக்கு எதுவுமே விளையாட்டுதான். வெர்லா பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

வெர்லாவுக்கு வேலை தானியக் கிடங்கில், லாரி எடை போடுவது. சோளமும் சோயாவும் ஏற்றிக்கொண்டு வரும் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக எடைமேடையில் ஏறும். அறுவடைக் காலத்தில் ஹாரன் சத்தம் காதிலேயே குடியிருக்கும். கூட வேலை பார்க்கும் ஜோனெல் இந்தப் போட்டியைக் கேள்விப்பட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏண்டி, வீட்டுக்குக்கூட நீ இவ்வளவு மல்லுக்கு நிக்கலையே! சேத்துல நின்னு, மூஞ்சியெல்லாம் கரியாக்கிக்கிட்டு, தாள்ல ஓட்டை போடுறதுக்கா இந்தப் பாடு? அப்படி என்னதான் இருக்கு அங்க?"

வெர்லா பதில் சொல்ல வாயெடுத்தாள். அடுத்த லாரி ஹாரன் அடித்தது, தப்பித்தாள்.

ஆனால் கேள்வி விடவில்லை. அந்த வாரம் முழுக்க அவளோடு வண்டியில் ஏறி இறங்கியது. உண்மையிலேயே அப்படி என்ன இருக்கிறது? ஒவ்வொரு கூட்டத்திலும் அதே பீன்ஸ் சட்டி, அதே எரிந்த அடி. எல்டன் சொல்லும் அதே மூன்று நகைச்சுவை. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதைப் பற்றி ஆறு வருடமாகத் தீர்மானம் போடுகிறார்கள், தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை. சேர்ந்ததுகூட ராய்ஸின் நச்சரிப்பால்தான். ஒருவேளை அவளுக்குச் சங்கம் வேண்டியதில்லையோ? ராய்ஸுக்குக் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதானோ? இந்த நினைப்பு வந்தபோது அவளுக்கே தன்னைக் கொஞ்சம் பிடிக்காமல் போயிற்று.

வியாழக்கிழமை மாலை தனியாக மைதானத்துக்குப் பயிற்சிக்குப் போனாள். மருந்தை அளந்து குழலின் வாயில் கொட்டினாள். எச்சில் தொட்ட துணித் துண்டின் மேல் ஈயக்குண்டை வைத்து, கோலால் அடிவரை தள்ளினாள். பொறி கிளப்பும் 'கேப்பு' என்ற சின்னச் செப்பு மூடியைப் பொருத்தி, துப்பாக்கிக் குதிரையைப் பின்னுக்கு இழுத்துச் சுட்டாள். வெள்ளைப் புகை எழுந்து முன்னால் எல்லாவற்றையும் மறைத்தது. அழுகின முட்டை நாற்றம். பட்டதா படவில்லையா என்று தெரிய, புகை விலகும்வரை நின்றுதான் ஆக வேண்டும். அப்படி நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது, இங்கே யாரும் ஹாரன் அடிப்பதில்லை. ஒரு தடவை சுட ஒரு முழு நிமிஷம் ஆகும். அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது, அவளாலும் முடியாது. வாரத்தில் வேறெங்கும் அவளுக்கு அந்த நிமிஷம் கிடையாது.

இதை ஜோனெலிடம் சொன்னால் இன்னும் சிரிப்பாள் என்று தோன்றியது. ஆனாலும் வீட்டுக்குப் போகும்போது மனசு லேசாக இருந்தது. சனிக்கிழமை அட்டையை விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

மே மாத முதல் சனிக்கிழமை நாற்பது வண்டிக்கான மண்பாதையில் அறுபது வண்டி நெருக்கியடித்து நின்றது. விவாகரத்துப் போட்டியைப் பார்க்க ஊரே வந்திருந்தது. ஓப்பல் பீன்ஸ் சட்டியோடு, புளிப்பான ரூபார்ப் தண்டு வைத்துச் சுட்ட 'பை' என்கிற பலகாரமும் இரண்டு கொண்டுவந்திருந்தாள். டென்னிஸ் முன்வரிசையில் மடக்கு நாற்காலி போட்டிருந்தான்.

ராய்ஸ் காஸ் வண்டி ஓட்டுபவன். வீடு வீடாகப் போய்ப் பேசிப் பேசியே வாய் பழகிப்போனவன். துப்பாக்கியைக் கெட்டிக்கும்போதும் வாய் ஓயாது.

"வெர்லா, நீ ஜெயிச்சீன்னா என்னைய விருந்தாளியாவாவது கூப்பிடுவியா?"

"கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வரட்டும், கூப்பிடுறேன்."

முதல் நாலு சுற்றில் ஏறக்குறைய ஒன்றாகவே போனார்கள். அவளுக்கு முப்பத்தைந்து, அவனுக்கு முப்பத்துநாலு. ஐந்தாவதில் வெர்லா எட்டு வாங்கினாள். மொத்தம் நாற்பத்து மூன்று. இனி ராய்ஸின் கடைசிக் குண்டு. அவன் பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ மீன் கதை சொல்லிக்கொண்டே கெட்டித்தான். மீனின் நீளத்தைக் கைவிரித்துக் காட்டினான். குண்டைத் தள்ளினான், கேப்பை வைத்தான், குறி பார்த்தான், விசையை அழுத்தினான்.

டப்.

அவ்வளவுதான். பொம்மைத் துப்பாக்கிச் சத்தம். புகையும் இல்லை, ஒன்றும் இல்லை. மருந்து போடாமலே குண்டை இறக்கியிருந்தான்.

எல்டன் கூடாரக் கம்பத்தில் தொங்கிய மாட்டு மணியைப் பிடித்து ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். மருந்து போட மறந்தவனுக்குச் சங்கத்தின் மரியாதை அது. மைதானமே உருண்டு சிரித்தது.

"மீனுக்குப் போட்டியா மருந்த?" என்று யாரோ கத்தினார்கள்.

"பத்து நிமிஷம்" என்றார் எல்டன். "அதுக்குள்ள நீயே சரிபண்ணிச் சுடணும். இல்லன்னா அவங்களுக்குத்தான்."

வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். கேப்பு வைக்கும் மூக்கைத் திருகிக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் மருந்தை உள்ளே ஊட்டி, மறுபடி மூட்டி, குண்டை வெளியே சுட்டுத் தள்ள வேண்டும். அதற்கு ஒரு சின்னச் சாவி வேண்டும். ராய்ஸ் தன் தோல்பையைத் துழாவினான். சட்டைப்பையைத் துழாவினான். முகம் சிவந்தது. அந்தச் சாவி எப்போதும் வெர்லாவின் பையில்தான் இருக்கும், பதினோரு வருடமாக. பொருள்களைப் பிரித்தபோது அதை யாரும் நினைக்கவில்லை.

அவன் அவளைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. தடித்த விரல்களால் அந்த இரும்பு மூக்கைப் பிடித்துத் திருகப் பார்த்தான். அது அசையவில்லை. வாய் மூடிப்போன ராய்ஸை வெர்லா அதிகம் பார்த்ததில்லை.

சும்மா நின்றால் போதும். இன்னும் ஏழு நிமிஷம். அட்டை அவளுடையது. ஆனால் நாளைக்கு யாராவது எப்படி ஜெயிச்சே என்று கேட்டால்? அவன் சாவியை மறந்துட்டான், அதனால ஜெயிச்சேன் என்றா சொல்வது? அவளுக்கு அவனைத் தாளில் தோற்கடிக்க வேண்டும், எல்லாரும் பார்க்க.

"இந்தா" என்று சாவியை நீட்டினாள். "சீக்கிரம் பண்ணு. வாயைத் தெறக்காமப் பண்ணு."

"ஆட்சேபம்!" டென்னிஸ் நாற்காலியிலிருந்து துள்ளினான். "எதிராளிக்கு உதவி! ரெண்டு பேரையும் தள்ளுபடி பண்ணணும்!"

"டென்னிஸ், பை சாப்பிட்டியா?" என்றார் எல்டன்.

"இல்ல."

"போய்ச் சாப்பிடு."

ராய்ஸ் மருந்தை ஊட்டி, பழைய குண்டை மண்மேட்டில் சுட்டுத் தள்ளினான். பிறகு ஒழுங்காகக் கெட்டித்தான், ஒரு வார்த்தை பேசாமல். சுட்டான். புகை விலக நேரம் எடுத்தது. ஓப்பல் தொலைநோக்கியில் கண் வைத்து, "ஒம்போது" என்றாள். நாற்பத்து மூன்று. சமம்.

கோடாலியைக் கொண்டுவந்து கட்டையில் இறுக்கினார்கள், கூர்விளிம்பு சுடுபவரைப் பார்த்து நிற்க. இரண்டு பக்கமும் ஒவ்வொரு மண்வட்டு. குண்டு விளிம்பில் சரியாகப் பட்டால் இரண்டாகப் பிளந்து இரண்டு வட்டையும் உடைக்கும். ராய்ஸ் முதலில் சுட்டான். இடது வட்டு தூளாயிற்று. வலது வட்டு அப்படியே நின்றது.

"ச்சே" என்றான். அவளிடம் திரும்பி, "உன் முறை. நிதானமாச் சுடு" என்றான். கிண்டலில்லாமல்தான் சொன்னான்.

அந்த ஒரு நிமிஷத்தை முழுசாக எடுத்துக்கொண்டாள் வெர்லா. மருந்து, துணி, குண்டு, கோல், கேப்பு. விளிம்பு ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அழுத்தினாள். புகைக்கு அப்பால் கூட்டம் கத்துவது முதலில் கேட்டது. இரண்டு வட்டும் இல்லை.

ஓப்பல் அட்டையில் ராய்ஸின் பெயரை அங்கேயே அடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கினாள். ராய்ஸ் கை குலுக்கினான், இரண்டு துண்டு பை சாப்பிட்டான், படகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அன்று மாலை வெர்லா பாட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஜூன் மாதம், அட்டை தன் பெயருக்கு மட்டும் ஆனபின் முதல்முறையாகப் போனாள். சேறு இருந்தது, எரிந்த பீன்ஸ் இருந்தது, எல்டனின் நகைச்சுவை மூன்றும் இருந்தன. நன்றாகச் சுட்டாள். நிம்மதியாக இருந்தது. ஆனால் ஜூலையில் ஒரு விஷயம் பிடிபட்டது. நாற்பத்தைந்து வாங்கிய அன்று, தன்னையறியாமல் பக்கத்து இடத்தைப் பார்த்து, "எப்படி?" என்று புருவத்தைத் தூக்கினாள். அங்கே நின்றது ஒரு பல் வைத்தியர். பாவம், மிரண்டுபோய், "நல்லா இருக்குங்க" என்றார்.

செப்டம்பரில், எதிர்க்கரைச் சங்கத்தோடு வருடாந்திரப் போட்டி. ஊரை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுத்த மாநிலம், கென்டக்கிக்காரர்கள். அவர்களிடம் உறுப்பினர் கணக்கெல்லாம் கிடையாது, யார் வேண்டுமானாலும் சேரலாம். அதற்காகவே கோல்டர் ஓடைக்காரர்களுக்கு அவர்கள்மேல் இளக்காரம். பஸ்ஸிலிருந்து சிவப்புக் கைக்குட்டை கட்டிய இருபது பேர் இறங்கினார்கள். ஆறாவதாக இறங்கியவன் ராய்ஸ்.

"துரோகி!" என்று எல்டன் உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டு, கட்டிப்பிடித்துக்கொண்டார்.

குலுக்கலில் வெர்லாவும் ராய்ஸும் எதிரெதிர் ஜோடியாக வந்தார்கள். ஓப்பல் சீட்டில் கை வைத்தாளோ என்று பிறகு பலருக்குச் சந்தேகம். ராய்ஸ் மேசைக்கு வந்து தோல்பையைத் திறந்து, புத்தம்புதுச் சாவி ஒன்றை எடுத்து அவள் கண்ணில் படும்படி வைத்தான்.

"மருந்து போட்டியா?" என்றாள் வெர்லா.

"நீ உன் வேலையப் பாரு, கோல்டர்காரி."

"கைக்குட்டை நல்லாருக்கு. மளிகைக் கடை மேசைத் துணி மாதிரி."

"பேசிக்கிட்டே இரு. பேசுனா என்னாகும்னு எனக்குத் தெரியும்."

பதினோரு வருடம் ஒரே வரிசையில் நின்றிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அவன் மோசமாகச் சுட்டால் அவள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவனுடைய தொங்கிய முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அவள் நன்றாகச் சுட்டால் அவன் பெருமைப்படுவானா என்று காத்திருக்க வேண்டியிருக்கும். இன்று அதெல்லாம் இல்லை. அவன் சுட்டு எட்டு வாங்கினால் அவள் கை தட்டிச் சிரித்தாள். அவள் பத்து வாங்கினால் அவன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். சுற்றி நின்ற இரண்டு கரைக்காரர்களும் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு இவர்களைப் பார்க்க வந்துவிட்டார்கள். பல் வைத்தியர் ஒரு மரத்தடியில் பத்திரமாக ஒதுங்கி நின்றார்.

கடைசிக் குண்டில் ராய்ஸ் பத்து வாங்கினான். நாற்பத்தெட்டு. வெர்லா நாற்பத்தேழு. அவனுடைய வாழ்நாளிலேயே அதுதான் அதிகம், அவளுக்கும் நாற்பத்தேழுதான் அதிகம். எதிர்க்கரைக்காரர்கள் அவனைத் தூக்கப் பார்த்தார்கள். கனம் தாங்காமல் கீழே போட்டார்கள்.

வெர்லாவுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. கரி பூசிய முகத்தைத் துடைக்காமல் நேராக ஓப்பலிடம் போனாள்.

"அடுத்த போட்டி எப்போ?"

"அடுத்த செப்டம்பர். வருஷத்துக்கு ஒண்ணுதானே?"

"அவ்ளோ நாள்லாம் ஆகாது. ஜனவரில வைங்க. அவங்க கரையிலேயே."

"ஏம்மா, பனி முழங்கால் அளவுக்கு இருக்குமே!"

"இருக்கட்டும்" என்றாள் வெர்லா. "எழுதுங்க."

ஓப்பல் பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த ராய்ஸ் கையைத் தூக்கி, "ஆமோதிக்கிறேன்!" என்று கத்தினான்.